ஒரு படம் கணினியைப் படுக்க வைக்குமா?



உங்கள் வீட்டுக் கைப்பேசியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். திறந்தவுடன் முகப்பில் என்ன படம் தெரிகிறது? பேரப் பிள்ளையின் சிரிப்பா? பத்துமலை முருகனா? காலமாகிவிட்ட அப்பா, தோட்டத்து லயத்து வாசலில் கைகட்டி நிற்கும் பழைய படமா? எதுவாக இருந்தாலும் அது வெறும் படம்தானே, அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2020-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் உலகம் முழுவதும் ஒரு எச்சரிக்கை பரவியது. "இந்தப் படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைக்காதீர்கள்; வைத்தால் கைப்பேசி செத்துப் போகும்" என்பதே அந்த எச்சரிக்கை. கூடவே அந்தப் படமும் வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நீல ஏரி, நடுவே ஒரு சின்னத் தீவு, சுற்றிலும் மலைகள், மேலே மேகம். அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்து கிளேசியர் தேசியப் பூங்காவில் இருக்கும் செயின்ட் மேரி ஏரியின் படம் அது. நாட்காட்டியில் அச்சடித்துச் சுவரில் மாட்டலாம், அவ்வளவு அழகு.

இப்படி வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை புளுகு என்பது நமக்குத் தெரியும். ஆனால் இது உண்மையாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 10 என்னும் இயக்கமுறை கொண்ட சில கைப்பேசிகளில், சாம்சுங், கூகள் பிக்சல் போன்றவற்றில், அந்தப் படத்தை முகப்பில் வைத்தவர்கள் திகைத்துப் போனார்கள். திரை அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. அணைத்துப் போட்டுத் திறந்தாலும் அதே கதி. கைப்பேசிக்குள் நுழையவே முடியவில்லை.

படம் எடுத்தவர் கெட்டவர் அல்லர். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர். படத்தைக் கணினியில் கொஞ்சம் மெருகேற்றி, வேறொரு நிற அளவுகோலில் சேமித்து வெளியிட்டார். அவர் வைத்திருந்தது வேறு வகைக் கைப்பேசி. ஆகவே, தம் படத்தால் இப்படி ஒரு தொல்லை வரும் என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் குற்றம் எங்கே? படத்தைப் படித்துக் கணக்குப் போட்ட மென்பொருளில். இந்த விஷயத்தைத்தான் இன்று நாம் கொஞ்சம் விபரமாகப் பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டாம், பால் மரமும் பால் வாளியும் தெரிந்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல.

படம் என்பது எண்களே

கைப்பேசியில் தெரியும் படம் உண்மையில் மிகச் சிறிய புள்ளிகளின் கூட்டம். நிரை நிரையாக மரம் நட்டது போலப் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. இன்று சாதாரணக் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று சொல்லும் எண்கள் அவை. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை.

செயின்ட் மேரி ஏரிப் படத்தில் நடந்தது இதுதான். முகப்பில் வைக்கும் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று கைப்பேசி கணக்கெடுக்கும். அதற்காக 0 முதல் 255 வரை எண் போட்ட 256 பெட்டிகளை அது தயாராக வைத்திருந்தது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள பெட்டியில் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். ஆனால் ராத்தல் கணக்கில் எழுதிய சிட்டையைக் கிலோ என்று நினைத்துப் படித்தால் என்ன ஆகும்? கணக்கு உதைக்கும் அல்லவா? அதுபோல, வேறு நிற அளவுகோலில் இருந்த இந்தப் படத்தில் கணக்கு 255-ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்ணுக்குப் பெட்டியே இல்லை. "இல்லாத பெட்டி வந்தால் என்ன செய்வது?" என்று மென்பொருளை எழுதியவர் சொல்லி வைக்கவில்லை. ஆகவே மென்பொருள் அப்படியே விழுந்தது.

விழுந்தது திரையையே கவனித்துக்கொள்ளும் மென்பொருள். கைப்பேசி அதை மறுபடி எழுப்பியது. எழுந்தவுடன் அதன் முதல் வேலை என்ன? முகப்புப் படத்தைப் படிப்பது. படித்தது, விழுந்தது. எழுந்தது, படித்தது, விழுந்தது. முடிவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படத்தைச் சும்மா பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகப்பில் வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து. பின்னர் வந்த ஆண்ட்ராய்டு 11-இல், அளவுகோல் வேறாக இருந்தால் முதலில் மாற்றிக்கொண்டு பிறகு கணக்குப் போடும்படி திருத்திவிட்டார்கள்.

புத்தகம் இல்லாத நூலகம்

படத்தைத் திறப்பது, சிறிதாக்குவது, திருப்புவது, நிறம் மாற்றுவது ஆகிய வேலைகள் எல்லா மென்பொருளுக்கும் தேவை. ஒவ்வொருவரும் இதற்குப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் காலம் போதாது. ஆகவே ஒரு சிலர் நன்றாக எழுதி வைத்ததை எல்லாரும் எடுத்து உபயோகிக்கிறார்கள். இப்படிப் பொதுவில் இருக்கும் மென்பொருள் தொகுதிக்கு 'நூலகம்' என்று பெயர்.

நாலைந்து சிறு தோட்டங்கள் சேர்ந்து ஒரே புகைக்கூடத்துக்குக் கித்தா சீட்டுகளைக் கொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். செலவு மிச்சம். ஆனால் அந்த ஒரு புகைக்கூடம் பழுதானால் நாலைந்து தோட்டத்துச் சீட்டும் ஈரத்தோடு கிடக்கும்.

படத்துக்கான நூலகங்களில் பெயர் பெற்றது 'இமேஜ்மேஜிக்'. டூபாண்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஜான் கிறிஸ்டி என்பவர் 1987-இல் எழுதத் தொடங்கி, 1990-இல் எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். பி.என்.ஜி. வகைப் படங்களைப் படிக்க 'லிப்பிஎன்ஜி' இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதுபவர்களுக்கு 'பில்லோ' இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் இணையத்தில் நீங்கள் ஏற்றிய ஏதாவது ஒரு படம், இவற்றில் ஒன்றின் கையால் சிறிதாக்கப்பட்டிருக்கக் கூடும்.

பொய்ச் சிட்டை

ஏரிப் படம் தெரியாமல் வந்த வினை. தெரிந்தே செய்யும் வினையும் உண்டு. அது எப்படி என்று சொல்கிறேன்.

பால்வெட்டு முடிந்து எல்லாரும் பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நிற்கிறீர்கள். ஒருவன் வருகிறான். அவன் கையில் ஒரு மங்குப் பால்தான் இருக்கிறது. ஆனால் சிட்டையில் 'ஐயாயிரம் கேலன்' என்று எழுதியிருக்கிறது. கிராணி வாளியை எட்டிப் பார்க்கவில்லை. சிட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "ஐயாயிரம் கேலனா! எல்லாத் தொட்டியையும் காலி பண்ணு, எல்லாரும் ஒதுங்கு" என்று உத்தரவு போடுகிறார். கொட்டகை முழுக்க அவன் ஒருவனுக்காக ஒழித்துக் கொடுக்கப்படுகிறது. உங்கள் பாலை ஊற்ற இடமில்லை. வெயில் ஏறுகிறது. பால் வாளியிலேயே உறைகிறது. அன்றைய உழைப்பு போயிற்று.

படக் கோப்பிலும் ஒரு சிட்டை இருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று எழுதியிருக்கும். ஜேபெக் வகைப் படத்தில் அந்த எண் 65,535 வரை போகலாம். படத்தைத் திறக்கும் நூலகம் முதலில் அந்தத் தலைப்பைப் படித்து, அத்தனை புள்ளிக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பிறகுதான் படத்தையே படிக்கும்.

2010-களில் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்வோர் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். அகலமும் உயரமும் 260 புள்ளி உள்ள ஒரு சின்னப் படம். கோப்பின் கனம் வெறும் 5 கிலோபைட். தலைப்பில் இருந்த 260-ஐ மட்டும் 64,250 என்று மாற்றி எழுதினார்கள். உள்ளே படம் அதே சின்னப் படம்தான்.

பெருக்கிப் பாருங்கள். 64,250-ஐ 64,250-ஆல் பெருக்கினால் 412 கோடியே 80 லட்சத்துக்கும் மேலான புள்ளிகள்! புள்ளிக்கு 4 பைட் வீதம் வைத்தால் 1,651 கோடி பைட் இடம் வேண்டும். 8 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு கணினிக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு. 5 கிலோபைட் கோப்புக்காகக் கணினி இவ்வளவு இடத்தைத் தேடி அலையும். மற்ற வேலையெல்லாம் நின்றுபோகும், அல்லது மென்பொருள் விழுந்துவிடும். இதற்குப் 'புள்ளி வெள்ளம்' என்று பெயர் வைத்தார்கள். இப்படி நாலைந்து கோப்புகளைச் சேர்த்து அனுப்பினால் பெரிய கணினியும் தாக்குப்பிடிக்காது.

அமுக்கிக் கட்டிய பஞ்சு

இன்னொரு வழியும் உண்டு. இதில் சிட்டை பொய் சொல்லாது. ஆனாலும் ஏமாற்றம்தான்.

படக் கோப்புகளைச் சுருக்கித்தான் வைக்கிறார்கள். ஒரு நிரையில் இருபது மரமும் ஒரே வயது என்றால், கிராணி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி எழுதுவாரா? "இருபதும் அப்படியே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பி.என்.ஜி. படத்திலும் அதே தந்திரம். ஒரே நிறமாக இருக்கும் இடத்தை மிகச் சுருக்கமாக எழுதிவிடலாம். அந்தச் சுருக்கு முறையில் அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கூடக் குறைக்க முடியும்.

அகலம் 20,000, உயரம் 20,000 என்று முழுக்கக் கறுப்பாக ஒரு படம் செய்தால், விரித்த பின் அது 120 கோடி பைட். சுருக்கிய கோப்போ சுமார் 12 லட்சம் பைட்தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைவிடச் சில சமயம் சிறியது! மூட்டையில் அமுக்கிக் கட்டிய பஞ்சைச் சின்ன அறைக்குள் வைத்துக் கயிற்றை அறுத்தது போல, உள்ளே விரித்தவுடன் மூச்சு விட இடமிருக்காது. இதை 'விரியும் குண்டு' என்கிறார்கள்.

2010-ஆம் ஆண்டு லிப்பிஎன்ஜி நூலகத்தில் இத்தகைய ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. பி.என்.ஜி. கோப்பில் படத்தோடு கூடக் குறிப்புகளையும் சுருக்கி வைக்கலாம். அந்தக் குறிப்புகள் விரியும்போது எவ்வளவு பெரிதாகும் என்று நூலகம் சரியாகக் கவனிக்கவில்லை. படம் சின்னதாக இருந்தாலும் குறிப்பு விரிந்து விரிந்து கணினியின் நினைவகத்தையும் நேரத்தையும் தின்றுவிடும். இப்படிக் கண்டுபிடிக்கும் குறைகளுக்கு 1999 முதல் உலகப் பொதுவான எண் ஒன்று கொடுத்து வருகிறார்கள். இந்தக் குறையின் எண் சி.வி.இ.-2010-0205. அதே ஆண்டு 1.4.1 என்னும் பதிப்பில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

திருட்டு இல்லை, நஷ்டம் உண்டு

"சரி ஐயா, இதில் என் பணம் போகவில்லையே, ரகசியம் போகவில்லையே, பிறகு எனக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்த வகைத் தாக்குதலுக்குச் 'சேவை மறுப்பு' என்று பெயர். இதில் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. வேலையை நடக்க விடாமல் செய்வதுதான் நோக்கம். நாளை மாலையோடு உதவிநிதி விண்ணப்பம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் படிப்புச் சான்றிதழைப் படம் பிடித்து ஏற்ற உட்காருகிறாள். தோட்டத்தில் இணையம் கிடைக்கும் இடமே குன்றின் மேல் ஒரு மூலை. அந்த நேரத்தில் யாரோ ஒருவன் அனுப்பிய பொய்ச் சிட்டைப் படத்தால் அங்கே சேவைக் கணினி படுத்துக் கிடந்தால் யாருக்கு நஷ்டம்? நகரத்தில் இருப்பவன் இரவில் மறுபடி முயன்று பார்ப்பான். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்க்கு அந்த வசதி ஏது?

ஏரிப் படத்தில் நஷ்டம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. சிலர் 'பாதுகாப்பு முறை' என்னும் வழியில் கைப்பேசியைத் திறந்து படத்தை மாற்றித் தப்பினார்கள். அது முடியாதவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. கைப்பேசியைக் கடையில் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்புவது. அப்படித் திருப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேறெங்கும் பிரதி வைக்காதவர்களுக்குப் படங்கள் போனது போனதுதான்.

நம்மில் பலர் பிறந்த தோட்டம் இன்று இல்லை. துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் எத்தனையோ தோட்டங்கள் மறைந்துவிட்டன. லயமும் ஆயாக்கொட்டகையும் கோயில் மரமும் இருந்ததற்கு ஒரே சாட்சி யாரோ ஒருவர் எடுத்த நாலு படம். பழைய ஆல்பத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருப்போம். ஆல்பத்தைக் கறையான் அரித்துவிடும். பிறகு கைப்பேசியில் உள்ளதுதான் மிச்சம். அந்த ஒரே பெட்டியை நம்பி உட்காருவது சரிதானா?

நூலகத்தார் செய்த பரிகாரம்

இத்தகைய குறைகளுக்கு மருந்து கடினமானதல்ல. கிராணி சிட்டையை மட்டும் நம்பாமல், "ஒரு ஆள் இவ்வளவுக்கு மேல் கொண்டு வர முடியாதே!" என்று யோசித்தால் போதும்.

பில்லோ நூலகத்தில் ஒரு வரம்பு வைத்தார்கள். 8 கோடியே 94 லட்சத்து 78 ஆயிரத்து 485 புள்ளிக்கு மேற்பட்ட படம் வந்தால் எச்சரிக்கும். அதற்கு இரு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுத்துவிடும். லிப்பிஎன்ஜி, வேறு ஏற்பாடு செய்யாதவரை, அகலமோ உயரமோ 10 லட்சம் புள்ளியைத் தாண்டினால் ஏற்காது. இமேஜ்மேஜிக்கில் அகலம், உயரம், நினைவகம், நேரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வரம்பு எழுதி வைக்க ஒரு தனிக் கோப்பே இருக்கிறது. ஆனால் அந்த வரம்பைத் தமக்கு ஏற்றபடி எழுத வேண்டியது, நூலகத்தை எடுத்து உபயோகிப்பவர்களின் பொறுப்பு.

இந்த நூலகங்களைப் பராமரிப்போரில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு உட்கார்ந்து குறைகளைத் திருத்துகிறார்கள். அவர்கள் திருத்தி வெளியிட்டாலும், எடுத்து உபயோகிப்பவர்கள் புதிய பதிப்புக்கு மாறாவிட்டால் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது? நாலு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, கைப்பேசி "புதுப்பிக்கவா?" என்று கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். கண்டுபிடித்த குறைகளுக்கான திருத்தம் அதில்தான் வருகிறது. மாதச் சந்தாவில் இணையம் குறைவு என்றால், வைஃபை கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, முக்கியமான படங்களுக்கு இரண்டாவது பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நினைவட்டையிலோ, பிள்ளையின் கணினியிலோ, வெளியூரில் இருக்கும் தம்பியின் கைப்பேசியிலோ இருக்கட்டும். மிக வேண்டிய நாலைந்து படங்களைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் அச்சடித்து விடுங்கள். காகிதத்துக்குப் புள்ளி வெள்ளமும் வராது, விரியும் குண்டும் வெடிக்காது.

மூன்றாவது, "இந்தப் படத்தை வைத்தால் கைப்பேசி கெடும்" என்று செய்தி வந்தால் இரண்டு தவறுகளைச் செய்யாதீர்கள். உண்மையா என்று பார்க்க வைத்துச் சோதிக்காதீர்கள். பயந்து போய் ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். 2020-இல் எத்தனையோ பேர் "பார்ப்போமே" என்று வைத்துத்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நான்காவது, கைப்பேசி திறக்காமல் அணைந்து அணைந்து எரிந்தால் உடனே எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதிக்காதீர்கள். கடைக்காரர் "ரீசெட் பண்ணிவிடலாம், ஐந்து நிமிஷம்" என்பார். "முதலில் பாதுகாப்பு முறையில் திறந்து பாருங்கள் அண்ணே, படங்கள் எனக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் அப்பாவின் படத்தைக் காப்பாற்றக் கூடும்.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தங்கைகளே! நாளை நீங்களும் மென்பொருள் எழுதுவீர்கள். வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பின் சிட்டையையும் அப்படியே நம்பாதீர்கள். முதலில் அளவைப் பாருங்கள், வரம்பு வையுங்கள், நேரக் கணக்கு வையுங்கள். வராது என்று நினைக்கும் எண்ணும் ஒரு நாள் வரும் என்று எண்ணி எழுதுங்கள். வரிசையில் நிற்பது யார் என்பது உங்களுக்குத் தெரியாது. குன்றின் மேல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்கள் சொந்த அம்மாவாகவும் இருக்கலாம்.

வாசகர்களே, இதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்களுக்கு வரும் கல்யாணப் படமும் கோயில் திருவிழாப் படமும் நல்ல படங்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில், வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டாவது பிரதி எடுத்து வையுங்கள். "இது யார் பாட்டி, இது எந்தத் தோட்டம்?" என்று அவன் கேட்பான். நீங்கள் சொல்லும் பெயர்களை அவன் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.